ஊட்டிக்கு வேன் பிடிக்கும் காரைக்கால்காரர்களுக்கு

காரைக்கால், கோட்டுச்சேரி, நெடுங்காடு, நிரவி, திருநள்ளாறு, திருமலைராயன்பட்டினம் ஆகிய ஊர்களிலிருந்து குடும்பத்தோடும் தெருவோடும் சேர்ந்து கோடையில் நீலகிரிக்குக் கிளம்பும் அன்பர்களுக்கு இது.

மார்ச் பிறந்ததுமே நம் பகுதியில் சுற்றுலாப் பேச்சு தொடங்கிவிடும். பன்னிரண்டு பேர் சேர்ந்தால் ஒரு வேன், இருபது பேர் சேர்ந்தால் ஒரு மினி பஸ். தலைக்கு இவ்வளவு என்று பேசி முடித்து, பார்க்கப்போகும் இடங்களை ஒரு தாளில் எழுதுவார்கள்: தாவரவியல் பூங்கா, படகு இல்லம், தொட்டபெட்டா, பைக்காரா, குன்னூர் சிம்ஸ் பூங்கா. இந்தப் பட்டியலில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. அதற்கு மேலே எழுதும் வரியில்தான் வழக்கு. இரவு புறப்பாடு, விடியற்காலை ஊட்டி. எந்த வழியாக ஏறுகிறோம், எதன் வழியாக இறங்குகிறோம் என்று அந்தத் தாளில் ஒரு சொல் இருக்காது. வழி என்பது ஓட்டுநரின் கவலை, நமக்குப் போய்ச் சேர்ந்தால் போதும் என்று விட்டுவிடுகிறோம். அப்படி விட்டுவிடுவதால் பயணத்தின் மிகச் சிறந்த பகுதியைக் காசு கொடுத்தும் பார்க்காமல் வருகிறோம் என்பது என் வாதம். சமவெளியை இரவில் கடந்துவிடுங்கள், மலையைப் பகலில் ஏறுங்கள், ஏறிய சரிவிலேயே இறங்காதீர்கள். கேட்பது இவ்வளவுதான்.

முதலில் நாம் எங்கிருந்து கிளம்புகிறோம் என்பதை எண்ணிப் பாருங்கள். காரைக்காலில் நிலம் கடல்மட்டத்திலிருந்து சில மீட்டருக்கு மேல் உயர்வதில்லை. அரசலாறு கடலில் கலக்கும் இடத்திலிருந்து திருச்சி மலைக்கோட்டை கண்ணில் படும் வரை, மேடு என்று நாம் பார்ப்பதெல்லாம் ஆற்றங்கரையும் மேம்பாலமும்தான். இங்கிருந்து ஊட்டி ஏறத்தாழ 450 கிலோமீட்டர். அதில் முதல் 400 கிலோமீட்டர் சமவெளி. கடைசி 50 கிலோமீட்டருக்குள்தான் 326 மீட்டர் உயரத்திலிருக்கும் மேட்டுப்பாளையம் ரயில் நிலையத்தை விட்டு 2,200 மீட்டருக்கு மேல் போகிறோம். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சராசரியாக ஆறு டிகிரிக்கு மேல் குறையும். அப்படியானால் இரண்டு மணி நேரத்தில் பன்னிரண்டு டிகிரி வித்தியாசம். காற்று மாறும்போது மரம் செடியும் மாறுகின்றன. கல்லாறு வரை பாக்குத் தோப்பு. கல்லாற்றிலும் பர்லியாறிலும் அரசுத் தோட்டக்கலைப் பண்ணைகள் இருக்கின்றன. மங்குஸ்தானும் துரியனும் விளையும் ஈரமான அடிவாரம் அது. அதற்கு மேல் மூங்கிலும் காடும், பிறகு காப்பி, பிறகு தேயிலை, அதற்கும் மேலே சோலைக்காட்டின் மிச்சமும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கொண்டுவந்து நட்ட யூக்கலிப்டஸும். நெல்லையும் தென்னையையும் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு இத்தனை வகை நிலம் ஒரே காலையில் கிடைக்கும் இடம் தமிழ்நாட்டில் அதிகமில்லை. இரவு வேனில் போகிறவர்கள் இந்த 50 கிலோமீட்டரைத்தான் தூக்கத்திலோ வாந்தியிலோ கழிக்கிறார்கள்.

விடியற்காலை போய்ச் சேர்வதால் ஒரு நாள் மிச்சம் என்று சொல்வீர்கள். மிச்சமாவது எது என்று கணக்குப் பார்ப்போம். ஊட்டியில் பெரும்பாலான விடுதிகள் அறை கொடுப்பது நண்பகலுக்கு. ஐந்து மணிக்குப் போய்ச் சேர்ந்த குடும்பம் பல் துலக்க ஓர் இடம் தேடி, குளிரில் நடுங்கும் குழந்தைகளை வேனுக்குள்ளேயே உட்கார வைத்து, பூங்கா திறக்கக் காத்திருந்து, தூங்காத கண்ணோடு முதல் நாளைத் தள்ளுகிறது. மாலை நான்கு மணிக்குப் பெரியவர்கள் அறையில் படுத்துவிடுகிறார்கள். அந்த நாள் ஏட்டில்தான் மிச்சம். இதைவிடப் பெரிய கவலை ஓட்டுநரைப் பற்றியது. இரவு முழுவதும் தஞ்சை, திருச்சி, கரூர் என்று ஓட்டி வந்த அதே மனிதர், உடல் தூக்கத்துக்கு ஏங்கும் விடியற்காலை மூன்று, நான்கு மணிக்குக் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுகிறார். சமவெளியில் ஓட்டிப் பழகியவருக்கு மலையில் ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பதும், ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்பதும் தெரிந்திருந்தாலும் கை பழகியிருக்காது. பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கி, அது சூடேறிப் பிடிக்காமல் போய் நடந்த விபத்துகள் மலைச்சாலைகளில் எத்தனையோ. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிச் சாலையில், 36 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள அந்தச் செங்குத்தில், வெளியூர் வாகனங்கள் இறங்குவதைத் தடுத்து வைத்திருப்பதற்கு இதுவே காரணம்.

அடுத்தது வெயில். ஐரோப்பாவில் ஆல்ப்ஸ் மலைக்கு விடுமுறைக்குப் போகிறவர்கள் வெயிலைத் தேடிப் போகிறார்கள். சுவிட்சர்லாந்தின் தென்மேற்கில் இருக்கும் வாலே பள்ளத்தாக்கில் வடக்கிலும் தெற்கிலும் உயர்ந்த மலைத்தொடர்கள் மழையை மறித்துவிடுவதால், அந்த நாட்டிலேயே வெயில் மிகுந்த பகுதிகளில் ஒன்றாக அது பெயர் பெற்றிருக்கிறது. அங்கே போகிறவர்கள் எந்தச் சரிவில் எந்த மாதம் வெயில் என்று பார்த்துத்தான் ஊரையும் வழியையும் தேர்ந்தெடுக்கிறார்கள். நாம் வெயிலிலிருந்து தப்பிப் போகிறவர்கள், நமக்கு அந்தக் கணக்கு எதற்கு என்று கேட்கலாம். மலைக்குப் போன பிறகு நமக்கும் வெயில் வேண்டும். மேகம் இறங்கிவிட்டால் 2,637 மீட்டர் உயரத் தொட்டபெட்டாவில் நின்றாலும் பக்கத்தில் நிற்பவருடைய ஸ்வெட்டர்தான் தெரியும். நீலகிரியில் வெயில் சரிவுக்குச் சரிவு மாறுகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கூடலூர், அவலாஞ்சி, மேல்பவானிப் பக்கம் கொட்டும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் 24 மணி நேரத்தில் 82 சென்டிமீட்டர் பெய்தது. அதே மாதங்களில் தொட்டபெட்டா மலைத்தொடருக்குக் கிழக்கே மறைவில் இருக்கும் கோத்தகிரியில் மழை குறைவு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை கதை தலைகீழ். நம்மை நனைக்கும் அதே வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளில் மோதுகிறது. 2009 நவம்பரில் குன்னூர், கேத்தி, ஊட்டிப் பக்கம் நிகழ்ந்த மண்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த மாதங்களில் மலை ரயிலும் அடிக்கடி நின்றுபோகும்.

ஆகவே, வெயிலும் குளிரும் தெளிந்த வானமும் சேர்ந்து கிடைப்பது ஜனவரி முதல் மார்ச் வரை. பொங்கலையொட்டி நான்கு நாள் கிடைத்தால் அதைவிட நல்ல காலம் இல்லை. காலையில் புல்லின் மேல் உறைபனி, பத்து மணிக்கு மேல் கண்ணாடி போன்ற வெயில். மே மாதம்தான் முடியும் என்பவர்கள் ஒன்றை மட்டும் கவனியுங்கள். கோடையில் மலையில் இடிமழை பெரும்பாலும் பிற்பகலில்தான் வரும். காலையில் ஏறுகிறவருக்கு மலை தெரியும். பாரிஸ் பக்கத்திலிருந்து ஜூலை, ஆகஸ்டில் விடுமுறைக்கு வரும் நம் உறவினர்களை அழைத்துக்கொண்டு போகிறவர்களோ, ஊட்டிக்கு மேற்கே போகும் திட்டத்தை விட்டுவிட்டுக் கோத்தகிரியில் அறை எடுப்பது நல்லது. ஆல்ப்ஸ் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு மூடுபனியைக் காட்டி இதுதான் நம் மலை என்று சொல்ல வேண்டாமே.

இனி வழிகளுக்கு வருகிறேன். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு முக்கியமான வழிகள் மூன்று: குன்னூர் வழியாக ரயில், குன்னூர் வழியாகச் சாலை, கோத்தகிரி வழியாகச் சாலை. ரயிலைப் பற்றி எல்லோருக்கும் தெரியும் என்றாலும், அது ஏன் இவ்வளவு மெதுவாகப் போகிறது என்பது பலருக்குத் தெரியாது. சுவிட்சர்லாந்தில் ரிகி மலைக்குப் பல்சக்கர ரயில் போட்ட ரிக்கன்பாக் என்ற பொறியாளர் 1882-ல் நீலகிரிக்கு வந்து திட்டம் தயாரித்தார். கடைசியில் போடப்பட்டது ரோமன் அப்ட் என்ற இன்னொரு சுவிஸ் பொறியாளரின் முறை. இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரும்புச் சட்டம் ஓடும். எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறும். 1899-ல் குன்னூர் வரையும், 1908-ல் ஊட்டி வரையும் பாதை திறந்தது. 46 கிலோமீட்டரில் 208 வளைவுகள், 16 குகைகள், 250 பாலங்கள். கல்லாற்றுக்கும் குன்னூருக்கும் இடையே பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி ஏற்றம். 2005-ல் யுனெஸ்கோ இதை டார்ஜிலிங் ரயிலோடு சேர்த்து உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. நீராவி எஞ்சின் பின்னாலிருந்து தள்ளுவதால் முன்பெட்டிக்கு எதிரே புகையும் இல்லை, மறைப்பும் இல்லை. காலை 7.10-க்குக் கிளம்பி நண்பகலில் ஊட்டி சேர ஏறத்தாழ ஐந்து மணி நேரம். அறை கிடைக்கும் நேரமும் அதுதான்.

காரைக்காலிலிருந்து இந்த ரயிலைப் பிடிப்பது நாம் நினைப்பதைவிட எளிது. நாகூரோடு நின்றுகொண்டிருந்த எர்ணாகுளம் விரைவு ரயில், 2011-ல் நாகூர் - காரைக்கால் அகலப்பாதை வந்த பிறகு நம் ஊரிலிருந்தே கிளம்புகிறது. பழைய பெயர் டீ கார்டன் எக்ஸ்பிரஸ். பெயரிலேயே தேயிலைத் தோட்டம் இருக்கும் ரயிலை வாசலில் நிறுத்தி வைத்துக்கொண்டு நாம் வேனுக்கு அட்வான்ஸ் கொடுக்கிறோம்! மாலையில் ஏறினால் நாகை, திருவாரூர், தஞ்சை, திருச்சி, கரூர், ஈரோடு என்று சமவெளி முழுவதும் படுத்துக்கொண்டே கழிந்துவிடும். சங்கடம் ஒன்று உண்டு, அதை மறைக்கப் போவதில்லை. இந்த ரயில் கோவையை அடைவது நள்ளிரவு தாண்டி. அங்கிருந்து மேட்டுப்பாளையம் 35 கிலோமீட்டர் சொச்சம். மலை ரயிலுக்கு இடையே சில மணி நேரம் இருக்கிறது. கோவை நிலையத்தின் ஓய்வறையை முன்பதிவு செய்துகொள்ளலாம், அல்லது பக்கத்தில் ஒரு சாதாரண லாட்ஜில் நான்கு மணி நேரம் படுத்து எழலாம். வயதானவர்கள் இருந்தால் ஒரு நாள் கூடுதலாக ஒதுக்கி, மறுநாள் காலையில் நிதானமாக ஏறுவது இன்னும் நல்லது.

டிக்கெட் எங்கே கிடைக்கிறது என்பீர்கள். நியாயமான கேள்வி. இருக்கைகள் குறைவு, முன்பதிவு 60 நாட்களுக்கு முன் திறக்கிறது, கோடையில் திறந்த சூட்டோடு தீர்ந்துவிடுகிறது. இருபது பேருக்கு ஒரே நாளில் கிடைப்பது அபூர்வம். ஆனால் என் வாதம் ரயிலை நம்பி நிற்கவில்லை, பகலில் ஏறுவதை நம்பி நிற்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து அரசுப் பேருந்து குன்னூர் வழியாகவும் கோத்தகிரி வழியாகவும் நாள் முழுவதும் போகிறது. குன்னூர் வரை பேருந்தில் போய், குன்னூர் - ஊட்டி இடையே மட்டும் ரயில் ஏறலாம். அந்தத் துண்டில் ரயில்கள் கூடுதலாக ஓடுவதால் இடம் கிடைக்கும் வாய்ப்பும் கூடுதல். வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று கேத்திப் பள்ளத்தாக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போகும் பாதை அது. பல்சட்டம் இல்லை, ஆனால் காட்சிக்குக் குறைவில்லை.

கோத்தகிரிச் சாலையைப் பற்றி நான் கொஞ்சம் பக்கச்சார்போடுதான் பேசுவேன். கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-ல் நீலகிரிக்கு வந்த பிறகு போட வைத்த முதல் பாதை சிறுமுகையிலிருந்து கோத்தகிரிப் பக்கமாக ஏறியதுதான். அவர் கட்டிய வீடு கன்னேரிமுக்கில் இன்றும் இருக்கிறது. குன்னூர்ச் சாலை அதற்குப் பின்பு வந்தது. கோத்தகிரிச் சாலை குன்னூர்ச் சாலையைவிட அகலமான வெளியைக் காட்டும். ஏறும்போது பவானி ஆற்றுச் சமவெளி கீழே விரிந்துகொண்டே போகும், எங்கிருந்து வந்தோம் என்பது கண்ணுக்குத் தெரியும். குஞ்சப்பனையைக் கடக்கும்போது பலாப்பழக் காலமாக இருந்தால் யானை வரும். அதனாலேயே இருட்டில் அந்தச் சாலை வேண்டாம் என்கிறேன். சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் கோத்தகிரி. ஊட்டி அங்கிருந்து முப்பது கிலோமீட்டருக்குள். கோடை நெரிசலில் மாவட்ட நிர்வாகமே குன்னூர் வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்கும்படி வாகனங்களை ஒருவழியாகத் திருப்பிவிடுகிறது. ஏறிய சரிவிலேயே இறங்காதீர்கள் என்று நான் கேட்பது சீசனில் சட்டமாகவே வந்துவிடுகிறது. மற்ற மாதங்களில் யாரும் வற்புறுத்தாமலே நாம் அதைச் செய்யலாம். கொடைக்கானல் போகிறவர்களுக்கும் இதே கணக்குதான். வத்தலகுண்டு வழியாக ஏறி, பழனி வழியாக இறங்கினால் ஒரே மலையின் இரு முகங்களும் கிடைக்கும்.

வேன் என்றால் நினைத்த இடத்தில் நிறுத்தலாமே என்பது அடுத்த வாதம். சமவெளியில் சரி. மலைச்சாலையில் வண்டி நிறுத்தத் தோதான இடம் விரல்விட்டு எண்ணும்படிதான் இருக்கிறது. வளைவில் நிறுத்தினால் பின்னால் வருகிறவர்களுக்கு ஆபத்து, காட்டுப் பகுதியில் வனத்துறை அனுமதிக்காது. போதாததற்கு, பன்னிரண்டு பேர் வேனில் ஜன்னல் ஓரம் கிடைப்பது பாதிப் பேருக்கு. நடுவில் உட்கார்ந்த பாட்டிக்கு முன்சீட்டின் தலைப்பகுதிதான் நீலகிரி. செலவு விஷயத்தில் மட்டும் வேன்காரர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. பெரிய குடும்பத்துக்குத் தலைக்கு விழும் தொகை வேனில் குறையலாம், ஊட்டியில் உள்ளூர் வண்டி தனியாகப் பிடிக்கவும் வேண்டாம். ஐந்தாறு பேருக்குள் இருந்தால் கணக்கு ரயில் பக்கம் சாயும். ஸ்லீப்பர் கட்டணமும் அரசுப் பேருந்துக் கட்டணமும் சேர்ந்தாலும் வேன் வாடகையில் ஒருவருக்கு வரும் பங்கை எட்டாது.

இதோடு இ-பாஸ் சேர்ந்திருக்கிறது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமானது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று உச்சவரம்பும் வந்தது. பி.ஒய். 02 எண் பலகையோடு வரும் நம் வண்டி கல்லாற்றுச் சோதனைச் சாவடியில் வெளியூர் வண்டிதான். அரசுப் பேருந்திலும் ரயிலிலும் வருகிறவர்களுக்கு இந்த வரம்பு இல்லை. இதைச் சுற்றுலாப் பயணிகளுக்கு எதிரான கெடுபிடி என்று சிலர் கோபப்படுகிறார்கள். திருநள்ளாற்றுக்காரர்களுக்கு அந்தக் கோபம் பொருந்தாது. சனிப்பெயர்ச்சி அன்று நம் சாலைகளில் வண்டிகள் நின்றால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியும். நளதீர்த்தத்தில் முழுகி, தரிசனம் முடித்து, அடுத்த மணியே வண்டியைத் திருப்பிவிடுகிறவர்களைப் பற்றி, இந்த ஊரில் ஒரு வாய்க்காலைக்கூடப் பார்க்காமல் போகிறார்களே என்று நாமே சொல்வதுண்டு. நீலகிரிக்காரர்களும் நம்மைப் பற்றி அதையே சொல்லிக்கொள்ளலாம்.

வழியைப் பற்றி இவ்வளவு நீட்டுகிறாயே, போகிற இடம்தானே முக்கியம் என்று கேட்கும் பெரியவர்களுக்கு நம் ஊர் அம்மையாரையே துணைக்கு அழைக்கிறேன். மாங்கனித் திருவிழாவில் மாம்பழம் வாரி இறைத்துக் கொண்டாடும் நமக்குச் சேக்கிழார் சொல்லும் கதையின் பின்பகுதி அவ்வளவாக நினைவில் இருப்பதில்லை. கயிலைக்குப் போன காரைக்கால் அம்மையார், அந்த மலையைக் காலால் மிதிக்க மனமில்லாமல் தலையால் நடந்து ஏறினார் என்கிறது பெரியபுராணம். மலையில் ஏறும் வழிக்கே இத்தனை மரியாதை கொடுத்த ஒருவரை ஊர்ப் பெயரோடு சேர்த்து வைத்திருக்கும் நாம், கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு ஏறுவதையாவது செய்யலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் வேன்தான் என்று முடிவு செய்தால், அதில் ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். சமவெளியை இரவில் கடப்பது ரயிலுக்குத்தான் சரி; இரவு எட்டு மணிக்குப் புறப்படும் வண்டியைக் காலை ஒன்பது மணிக்குக் கிளப்புங்கள். இரவு மேட்டுப்பாளையத்தில் தங்குங்கள். அங்கே அறை வாடகை சீசனில் ஊட்டியைவிடக் குறைவு, ஓட்டுநரும் தூங்கி எழுவார். காலை ஆறரைக்கு இட்லி சாப்பிட்டுவிட்டுப் பர்லியாறு வழியாக ஏறினால் ஒன்பது மணிக்குள் ஊட்டி வந்துவிடும். இறங்கும் நாளில் கோத்தகிரி, அவகாசம் இருந்தால் கோடநாடு காட்சிமுனை. ரயிலில் போனவர்கள் திரும்பும்போது கோவையில் மறுபடியும் பின்னிரவு ரயில்தான். ஆனால் விடியும்போது திருச்சி வந்துவிடும், தஞ்சாவூரிலிருந்து திருவாரூர் வழியாக நாகை வரை டெல்டாவைப் பகல் வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டே வரலாம். அடுத்த மே முதல் வாரத்துக்கு மலை ரயில் வேண்டுமென்றால் மார்ச் முதல் வாரத்திலேயே உட்கார வேண்டும். இ-பாஸ் வாங்கும் பொறுப்பையும் வேன்காரரிடம் விடாமல் உங்களில் ஒருவரே எடுத்துக்கொள்ளுங்கள்.